ஸ்டெல்லா மேடம் பென்சிலில் எழுதிய பக்கம்

ஸ்டெல்லா மேடம் இறந்த செய்தி எனக்கு ஒரு விடுப்பு விண்ணப்பமாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் நான் ஏறிய பஸ் திருவானைக்காவலைத் தாண்டியிருந்தது. கைபேசியில் கம்பெனியின் செயலி மணியடித்தது. ஃபிட்டர் ஜமால் பாய் அரை நாள் கேட்டிருந்தார். காரணம் எழுதும் இடத்தில் ‘ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்க’ என்று மட்டும் இருந்தது. அதை நான் இரண்டாம் முறை படிப்பதற்குள் அடுத்த விண்ணப்பம் வந்தது. பஸ் காவிரிப் பாலத்தைக் கடந்து சத்திரம் பஸ் நிலையத்தில் நிற்பதற்குள் பதினேழு வந்துவிட்டன.

துக்க விடுப்பு என்று ஒன்று செயலியில் இருக்கிறது. அதைத் தொட்டால் இறந்தவர் என்ன உறவு என்று கேட்கும். தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளை. இந்த நான்கைத் தவிர வேறு எதையும் அது ஏற்காது. பதினேழு பேருக்கும் அதைத் தற்செயல் விடுப்பாக மாற்றி, அவர்களுடைய கணக்கிலேயே கழித்து, அங்கே பூக்கடை ஓரமாக நின்றபடி ஒப்புதல் கொடுத்தேன். பதினெட்டாவதாக எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். ஸ்டெல்லா மேடம் எனக்கு யார் என்று அது கேட்டிருந்தால், என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறோம், நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஜமால் பாய் சொன்னார். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு என்னைவிட அதிகம் பேசியவர்கள். அவருடைய உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் நமக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறது. நம்முடையது பம்பு செய்யும் அரசு நிறுவனமாக இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றார்கள். ஸ்டெல்லா மேடம் அதன் விடுப்புப் பிரிவில் முதுநிலை உதவியாளர். நான் அதே அறையில் பணியாளர் அலுவலர். பதவியில் நான் மேல், வயதில் அவர் எட்டு ஆண்டு மூத்தவர். இந்தச் சிக்கலைத் தீர்க்க இருவரும் ஒருவரையொருவர் ‘மேடம்’ என்றே அழைத்துக்கொண்டோம். இருபது ஆண்டுகளில் அது ‘அக்கா’வாக மாறவில்லை. மாற்ற எனக்கு வரவில்லை.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் இரவுக் காவலாளி ஒருவர் பக்கவாதம் வந்து அரசு மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தார். அவருக்கு நிறைய மருத்துவ விடுப்பு சேர்ந்திருந்தது. இரக்கம் கொண்டு, விண்ணப்பம் இல்லாமலேயே விடுப்பு என்று பதியும்படி சொன்னேன். ஸ்டெல்லா மேடம் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“அது முடியாது மேடம். கேக்காம கொடுத்தா அது லீவு இல்ல. அவர் வேலைக்கு வரல, அவ்வளவுதான்.”

“நினைவே இல்லாத மனுஷன் எப்படிக் கேப்பார்?”

“நினைவு வரட்டும். நான் போய்க் கேக்க வைக்கிறேன்.”

நான்கு நாட்கள் மதிய உணவு நேரத்தில் மை அட்டையையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தார். ஐந்தாம் நாள் காவலாளி கண் விழித்து, ‘லீவு வேணும்’ என்று வாயால் சொன்ன பிறகுதான் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார். எனக்கு அது அன்று வறட்டுப் பிடிவாதமாகப் பட்டது. ஆனால் அந்தக் காவலாளியின் சேவைக்காலத்தில் ஒரு நாள்கூட இடைவெளி விழவில்லை.

அவருடைய இன்னொரு பழக்கம்தான் நம் எல்லோரையும் பாதித்தது. அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது. மறைத்தால் அவரே கோபித்துக்கொள்வார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கெட்டி அட்டை இருந்தது. முதல் பக்கத்தில் ஈட்டிய விடுப்பு, முழுவதும் மையில். இரண்டாம் பக்கத்தில் மருத்துவ விடுப்பு. அதில் ஒருவர் எடுத்த நாட்களை, அவர் உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய பிறகுதான் ஸ்டெல்லா மேடம் மையால் எழுதுவார். ஆண்டுதோறும் சேரும் நாட்களும் மிச்சமும் பென்சிலிலேயே இருக்கும். பத்து நாள் கேட்டவர் ஆறாம் நாள் வந்து நிற்பார், ஆறு நாள் கேட்டவர் ஒரு மாதம் படுத்துவிடுவார், அடித்து எழுதிய அட்டையால் தனக்கு முன்பிருந்தவருக்கு விசாரணை வந்தது என்று காரணம் சொல்வார். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல என்று எனக்குத் தெரியும். ஒருமுறை சொன்னார்: “உடம்பு முடியாம போனவங்க கணக்க மையில எழுத எனக்குக் கை வராது மேடம். ஆள் திரும்பி வரட்டும்.”

தணிக்கைக்கு வந்தவர்கள் யாரும் இதை ஆட்சேபித்ததில்லை. மருத்துவ விடுப்பு ஓய்வின்போது பணமாக மாறாது. பணமாக மாறாத பக்கத்தை அவர்கள் திருப்புவதில்லை.

விடுப்புப் பிரிவில் இருப்பவர் தன் அட்டையைத் தானே எழுதக்கூடாது என்பது விதி. அதனால் ஸ்டெல்லா மேடத்தின் அட்டை என் மேசை இழுப்பறையில் இருந்தது. எனக்குப் பென்சிலில் நம்பிக்கை கிடையாது. இரண்டு பக்கத்தையும் மையிலேயே எழுதினேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எனக்கு மட்டும் மையா? நாளைக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னா உங்களாலதான் மேடம்.” பதிலுக்கு நான் ஏதோ பகுத்தறிவாகச் சொன்னேன். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்து ஊழியர்கள் மொத்தமாக உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுப்பதையும் அவர் இப்படித்தான் கேலி செய்வார். “வந்துடுச்சு பாருங்க, சொர்க்கவாசல் காய்ச்சல். நீங்க ஒருத்தர்தான் மேடம் அன்னிக்கு ஆபீஸ் வர்ற ஸ்ரீரங்கத்துக்காரங்க. பெருமாள் உங்களத் தேடிட்டிருப்பார்.” அப்படி எழுதியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பென்சிலில் போட்டதை அழித்து, தற்செயல் விடுப்பாக எழுதி வாங்குவார். நோய்க்கான நாளைத் திருவிழாவுக்குச் செலவழிக்க அவர் விட்டதில்லை. “முடியாம படுக்கிறப்ப என்ன செய்வீங்க?” என்று கேட்பார். நம்மில் பலரிடம் அத்தனை நாட்கள் சேர்ந்திருந்ததற்கு அவர்தான் காரணம்.

விற்பனை உறுதியானபோது எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான்: சேர்த்து வைத்த லீவு என்ன ஆகும்? பேச்சுவார்த்தையில் நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்திருந்த நான், சங்கத்தின் சம்மதத்தோடு அந்த ஷரத்தை எழுதினேன். ‘ஒப்படைக்கப்படும் பதிவேடுகளில் உள்ளபடி ஊழியர்களின் எல்லா வகை விடுப்பும் குறைவின்றித் தொடரும்.’ ‘எல்லா வகை’ என்ற சொற்களுக்காக இரண்டு நாட்கள் வாதாடினேன். ‘பதிவேடுகளில் உள்ளபடி’ என்பதும் நான் சேர்த்ததுதான். பின்னால் யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் குறைத்துவிடக்கூடாது என்று நினைத்தேன். ஸ்டெல்லா மேடம் படித்துப் பார்த்து, “நல்லா கட்டியிருக்கீங்க மேடம், காத்துகூட நுழையாது” என்றார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அட்டைகளை ஸ்கேன் செய்து ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். கேன்டீன் கூடத்தில் இரண்டு வாரம் வேலை நடந்தது. ஒரு நாளைக்குப் பத்து அட்டைகளை எடுத்து நான் சரிபார்த்தேன். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. நான் பார்த்ததெல்லாம் முதல் பக்கம். உங்களிடம் அச்சிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கியதும் முதல் பக்கம். இரண்டாம் பக்கம் எங்கே என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டெல்லா மேடமோ மூல அட்டைகளை ஒரு தாள் தவறாமல் எண்ணிக் கட்டி லாரியில் ஏற்றுவதிலேயே கண்ணாக இருந்தார். அவை தலைமை அலுவலகத்துக்குப் போயின. அந்த அலுவலகத்தையே பிறகு மூடிவிட்டார்கள். அட்டைகளைக் கேட்டு நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் இன்றுவரை பதில் இல்லை.

புதிய நிர்வாகம் வந்து நான்கு மாதம் கழித்து ஜமால் பாய்க்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். கைபேசியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

“மேடம், என் கணக்குல முட்டை போட்டிருக்கு பாருங்க.”

“ஆப்பு தப்பா காட்டும் பாய். உங்களுக்கு எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உக்காருங்க.”

ஸ்டெல்லா மேடம் கணினியில் அவருடைய அட்டையின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். எப்போதோ அம்மை போட்டுப் பதினோரு நாள் படுத்திருந்தது மையில் தெளிவாக இருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் வெள்ளை. மிச்சம் என்ற பத்தி முழுவதும் வெள்ளை. ஸ்கேன் இயந்திரம் பென்சிலைப் பிடிக்கவே இல்லை. ஸ்டெல்லா மேடம் அடுத்த அட்டையைத் திறந்தார். பிறகு அடுத்தது. மதியச் சங்கு ஊதும்வரை திறந்துகொண்டே இருந்தார். நான் அவருடைய நாற்காலியின் பின்னால் நின்றிருந்தேன். ஒவ்வோர் அட்டையிலும் அவரவர் செலவழித்த நாட்கள் மட்டும் இருந்தன.

ஜமால் பாய்தான் முதலில் பேசினார். “இருபத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு தடவ அம்மை போட்டுச்சு. அது மட்டும் என்னா பளிச்சுனு தெரியுது பாருங்க மேடம்.”

ஆண்டுக்கு இத்தனை நாள் என்று விதி இருக்கிறதே, கணக்குப் போட்டால் வந்துவிடுமே என்று உறவினர்கள் நினைக்கலாம். நாங்களும் அதைத்தான் சொன்னோம். சம்பளமில்லா விடுப்பு எடுத்த ஆண்டுகளில் வரவு குறையும், ஆகவே வரவு வைத்ததற்குப் பதிவு வேண்டும் என்றார்கள் புதிய நிர்வாகத்தினர். பதிவேடுகளில் உள்ளபடி என்று நீங்கள்தானே எழுதினீர்கள் என்று ஷரத்தை என்னிடமே காட்டினார்கள். என் வாக்கியத்தில் காற்று நுழைய இடமில்லை. சங்கம் தொழிலாளர் அலுவலரிடம் மனுக் கொடுத்தது. விசாரணை தள்ளிப்போகிறது, இன்னும் தள்ளிப்போகிறது. ஜமால் பாய் மிச்சமிருந்த ஈட்டிய விடுப்பை வைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அது தீர்ந்ததும், மருத்துவர் சொன்ன நாளுக்கு வெகு முன்பே, சட்டைக்குள் கட்டோடு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தார். ஸ்டெல்லா மேடம் அதன் பிறகு அந்தப் பட்டறை வழியாகக் கேன்டீனுக்குப் போனதில்லை. வெயிலில் சுற்றிப் போவார்.

கம்பெனி முழுவதிலும் ஒரே ஒருவருடைய மருத்துவ விடுப்பு மட்டும் அப்படியே செயலியில் ஏறியிருந்தது. ஸ்டெல்லா மேடத்துடையது, நான் மையில் எழுதியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட நாட்கள். அதை முதலில் கவனித்தவரும் அவர்தான். “யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம்” என்றார். நான் சொல்லவில்லை. மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரே போய்ச் சொல்லியிருந்தார்.

சென்ற ஆண்டு அவருடைய வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. சிகிச்சை தொடங்கியது. மருத்துவமனைக்குப் போகும் நாட்களுக்கு ஈட்டிய விடுப்பை எடுத்தார். மற்ற நாட்களில் ஒரு எவர்சில்வர் பாட்டிலில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு அலுவலகம் வந்தார். மருத்துவ விடுப்பைத் தொடவே இல்லை.

“உங்களுக்கு இருக்கு மேடம். போடுங்க. ஒரு நிமிஷத்துல சாங்ஷன் பண்றேன்.”

“இருக்கட்டும் மேடம்.”

“எதுக்கு இருக்கட்டும்?”

“கேஸ் நடக்குதுல்ல. எல்லாருக்கும் இருந்துச்சுன்னு காட்ட என் கார்டு ஒண்ணுதான் இருக்கு. அதையும் நானே தின்னு தீத்துட்டா?”

எடுத்தாலும் பதிவு அழியாது, வரவு வைத்த சான்று அப்படியே இருக்கும், சட்டப்படி அதனால் வழக்குக்கு ஒரு குறையும் வராது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அந்த ஷரத்தும் சட்டப்படிதானே மேடம் இருந்துச்சு” என்றார். குத்திக் காட்டும் குரல் அல்ல. யோசித்துச் சொன்னதுபோல இருந்தது.

ஜமால் பாயை அனுப்பிப் பேச வைத்தேன். அவர் வந்து மேசையில் கையூன்றி நின்றார். “போடுங்க மேடம். எங்க எல்லார் பேர்லயும் நீங்க ஒருத்தராவது படுத்துத் தூங்குங்க.”

“உங்க எல்லார் குறட்டையையும் சேத்து நான் ஒருத்தியா விடணும் பாய்?”

இருவரும் சிரித்தார்கள். ஜமால் பாய் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சேர்த்து வைத்தது தனக்கு மட்டும் மிஞ்சியதை ஸ்டெல்லா மேடத்தால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். வழக்கு என்பது சொல்லிக்கொள்ள ஒரு காரணம். என்னிடம் விதி இருந்தது, அட்டையின் நகல் இருந்தது, ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் இருந்தது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

ஈட்டிய விடுப்பு தீர்ந்தது. அதன் பிறகு அவரால் வரவும் முடியவில்லை. விண்ணப்பம் இல்லாமல் இத்தனை நாள் வராவிட்டால் ஒரு கடிதம் தானாகப் போகும்படி செயலியை அமைத்திருக்கிறார்கள். வேலையைக் கைவிட்டதாகக் கருதப்படும் என்ற கடிதம். அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பழைய மருத்துவ விடுப்புப் படிவம் ஒன்றை அச்சிட்டு, நானே பூர்த்தி செய்து, பேனாவோடு பாலக்கரையில் உள்ள அவருடைய வீட்டுக்குப் போனேன். இத்தனை ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அவருடைய கணவர், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லிவிட்டு ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

“இது என்ன மேடம்?”

“கம்ப்யூட்டர் அனுப்பினது சார். கண்டுக்காதீங்க.”

“கீழ உங்க பேர் போட்டிருக்கே.”

ஆமாம் என்றேன். அவர் அதை மடித்து வைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா மேடம் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். படிவத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“என்ன, வாட்ச்மேன் மாதிரி கைநாட்டு வாங்க வந்தீங்களா?”

“கேக்காம கொடுத்தா அது லீவு இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க. கேளுங்க மேடம்.”

“எத்தன நாள் போட்டிருக்கீங்க?”

“முப்பது.”

“முப்பதா! தாராளமா போட்டிருக்கீங்க.” கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அவர் யாரை நினைத்தார், எதைக் கூட்டிக் கழித்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு மெதுவாக, “சரி. லீவு வேணும் மேடம்” என்றார்.

பேனாவை நீட்டினேன். அதை ஒதுக்கிவிட்டு, கணவரிடம் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும் பென்சிலைக் கேட்டார். பால் கணக்கு எழுதும் பென்சில். நான் பிடித்துக்கொண்ட பரீட்சை அட்டையின் மேல் படிவத்தை வைத்து, பென்சிலில் கையெழுத்துப் போட்டார்.

“திரும்பி வந்து மை போட்டுத் தரேன்” என்றார்.

பென்சில் கையெழுத்து செல்லாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பேனாவைக் கையில் கொடுத்து இன்னொரு முறை போடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ‘சரி மேடம்’ என்றுதான் வாயில் வந்தது. மறுநாள் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். காகிதம் ஏற்பதில்லை, அவருடைய கைபேசியிலிருந்து அவரே அனுப்ப வேண்டும் என்றார்கள். கையெழுத்து எதில் போடப்பட்டது என்பதை யாரும் பார்க்கக்கூட இல்லை. அன்று மாலையே அவருடைய கணவருக்கு அழைத்து, செயலியைத் திறக்கும் வழியைச் சொன்னேன். அவள் தூங்குகிறாள், விழித்ததும் சொல்கிறேன் என்றார். ஒன்பதாம் நாள் ஜமால் பாயின் விண்ணப்பம் வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது நம்மில் பலர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை நாள்தான் இருந்தது. “மேடம் இருந்திருந்தா பென்சில்ல போட்டு அப்புறம் அழிச்சிருப்பாங்க” என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். அவர் அப்படிச் செய்யமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த இருநூற்றுச் சொச்ச நாட்கள் அவர் இறந்த அன்றே செயலியிலிருந்து மறைந்துவிட்டன. விதிப்படி சரி. வழக்கில் அவருடைய அட்டையின் நகல் இன்னும் இருக்கிறது. அதனால் உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்காதீர்கள். கிடைக்கும் என்று சொல்ல எனக்கு நம்பிக்கை இல்லை, கிடைக்காது என்று சொல்ல மனம் வரவில்லை.

என்னிடம் அவருடையது என்று இருப்பது அந்தப் படிவம் ஒன்றுதான். அவருடைய அட்டை இருந்த அதே இழுப்பறையில் வைத்திருக்கிறேன். என் மையில் முப்பது நாள் என்று இருக்கிறது, அதன் கீழே அவருடைய பென்சில் கையெழுத்து. அதை எடுத்துப் பார்க்கும்போது விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறேன். ஸ்கேன் செய்து பத்திரமாக வையுங்கள் மேடம் என்று ஜமால் பாய் சொன்னார். நான் செய்யவில்லை.